பாக்கும் வாயிறுக்கமும்

உணவில் சற்றுக் காரம் சேர்ந்தாலும் வாய் எரிகிறது என்று நோயாளி முதலில் கூறுகிறார். சில மாதங்கள் சென்றபின், கொட்டாவி விடும்போது வாய் முன்போல் விரியவில்லை என்பதை உணர்கிறார். இன்னும் சில ஆண்டுகளில், சோற்றுக் கவளத்தைச் சிறிது சிறிதாக்கிப் பற்களின் இடைவெளியில் விரலால் தள்ளி உண்ண வேண்டிய நிலை வருகிறது. பல்லில் வலியில்லை, தாடை மூட்டில் பழுதில்லை, காய்ச்சலும் இல்லை. ஆயினும் வாய் திறப்பதில்லை.

மருத்துவர்கள் இதனை 'ஓரல் சப்மியூகஸ் பைப்ரோசிஸ்' என்பர். வாயின் உட்புறத்தை மூடியுள்ள மென்சவ்வுக்கு அடியில் நார்த்திசு அளவுக்கு மிஞ்சிப் பெருகி இறுகிவிடுதல் என்பது இப்பெயரின் பொருளாதலின், தமிழில் 'வாய்ச் சவ்வடி நார்ப்பெருக்கம்' எனலாம். இந்தியாவிலும் அதனையடுத்த தெற்காசிய நாடுகளிலும், தைவானிலும், இந்நாடுகளிலிருந்து சென்று பிற தேசங்களில் குடியேறிய மக்களிடையிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. மற்ற நாட்டாரிடம் அரிது. நோயின் இவ்விடப் பரப்பே அதன் காரணத்தைக் காட்டும் குறிப்பாக இருந்தது. எனினும் அக்குறிப்பைச் சரியாகப் படித்தறிய ஆராய்ச்சியாளர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

சுசுருத சம்ஹிதையில் 'விதாரி' என்று கூறப்படும் வாய்நோய் இதுவே எனச் சிலர் கருதுகின்றனர். தற்கால மருத்துவ நூல்களில் இந்நோய் இடம் பெற்றது 1952-ஆம் ஆண்டில்தான். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்ட இவ்வகை வாயிறுக்கத்தை ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் அவ்வாண்டு விவரித்தார். காரணம் விளங்காமையால், 'காரணம் அறியப்படாத வெப்பநாட்டு வாய்ச்சவ்வுத் தேய்வு' என்ற பொருள்படும் நீண்ட லத்தீன் பெயரொன்றை அவர் இட்டார். மறு ஆண்டில் பம்பாயைச் சேர்ந்த எஸ். ஜி. ஜோஷி, அண்ணத்திலும் தொண்டைத் தூண்களிலும் தோன்றும் நார்ப்பெருக்கமாக இதனை விளக்கினார். 1956-இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் பேமாஸ்டர், இந்நோயாளிகளிற் சிலருக்கு வாய்ப் புற்றுநோய் தோன்றுவதைச் சுட்டிக்காட்டினார். அதுவரை உணவு உண்ண முடியாத துன்பமாக மட்டும் எண்ணப்பட்டது உயிருக்கே ஆபத்தானது என்பது அதன்பின் தெளிவாயிற்று.

காரணம் யாது? முதலில் சந்தேகத்துக்கு ஆளானது மிளகாய். நோயாளிகள் அனைவரும் காரம் பட்டால் வாய் எரிவதாக முறையிட்டனர். இந்தியரோ காரம் மிகுதியாக உண்பவர்கள். ஆகவே இவ்வூகம் இயல்பாக எழுந்தது. பம்பாயிலிருந்த இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் சத்யவதி சிர்சாட் அம்மையாரும் வி. ஆர். கானோல்கரும், குறைபாடுள்ள உணவில் வளர்த்த வெள்ளெலிகளின் அண்ணத்தில் மிளகாயின் காரப்பொருளான காப்சைசினைத் தடவி, அங்கு நார்த்திசு மாறுதல்கள் தோன்றுவதை 1960-இல் வெளியிட்டனர். சோதனை கவனமாகச் செய்யப்பட்டதே. ஆயினும் 1974-இல் ஹாம்ஸ்டர் என்னும் எலியினப் பிராணியின் கன்னப் பையில் அதே பொருளைத் தடவிய வேறு ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய விளைவைக் காணவில்லை. அன்றியும், மெக்சிகோ முதலிய அமெரிக்க நாடுகளின் மக்கள் மிளகாயை நம்மினும் தொன்றுதொட்டு உண்பவர்கள். அவர்களிடையே இந்நோய் இல்லை. சவ்வு மெலிந்துவிட்ட வாயில் காரம் எரிவதாயிற்று. காரம் உண்டதனால் சவ்வு மெலியவில்லை. நோயின் முதல் அறிகுறி நோயின் காரணமாகத் தோற்றமளித்தது. வகுப்பில் காரணகாரியத் தொடர்பை விளக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

இரத்தச் சோகை, 'பி' வைட்டமின் பற்றாக்குறை, பரம்பரை, உடலின் தற்காப்பு ஆற்றல் தன் திசுவையே தாக்குதல் என வேறு காரணங்களும் கூறப்பட்டன. அவற்றிற் சில நோயை விரைவுபடுத்தக்கூடும் என்பது இன்றும் ஏற்கப்படுகிறது. ஆனால் எல்லோருடைய கண்முன்னும் இருந்த பாக்கின்மீது குற்றம் சாட்ட உலகம் தயங்கியது. விருந்தின் முடிவிலும் திருமண அழைப்பிலும் தாம்பூலம் மரியாதையின் அடையாளம். கோடிக்கணக்கானோர் பாக்கு மெல்லுகின்றனர். நோயுறுவோர் அவர்களில் ஒரு சிறு பகுதியினரே. மேலும், மெல்லுவோர் பலர் புகையிலையும் சேர்த்துக் கொள்வதால் எதனால் எது விளைந்தது என்பதைப் பிரித்தறிவது எளிதாக இல்லை.

இம்முடிச்சை அவிழ்த்தது ஆய்வுக்கூடமன்று. கிராமங்களில் வீடுவீடாகச் சென்று வாய்களைப் பரிசோதித்த களப்பணியே. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் பெயர் பெற்றது. பல் ஆராய்ச்சிக்கென ஒரு பிரிவும் அங்கு நடந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அப்பிரிவின் ஃபாலி எஸ். மேத்தாவும் டென்மார்க்கின் பிண்ட்போர்க்கும் அவர்தம் குழுவினரும், கேரளத்தின் எர்ணாகுளம், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், குஜராத்தின் பாவ்நகர், அன்றைய பீகாரின் சிங்பூம், தர்பங்கா ஆகிய மாவட்டங்களில் 50,915 கிராம மக்களின் வாயைப் பரிசோதித்து அதன் முடிவுகளை 1969-இல் வெளியிட்டனர். வெண்படலம், வாய்ப்புற்று ஆகியவற்றுடன் சவ்வடி நார்ப்பெருக்கமும் இவ்வாய்வுத் தொடரில் கணக்கெடுக்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்டவர்களை அத்துடன் விட்டுவிடாமல் ஆண்டுதோறும் மீண்டும் தேடிச் சென்றனர் என்பதே இதன் தனிச்சிறப்பு. எர்ணாகுளத்தில் இந்நோயுற்ற 66 பேரை 17 ஆண்டுக் காலத்தில் பின்தொடர்ந்து பார்த்ததில் அவர்களுள் ஐவருக்குப் புற்றுநோய் தோன்றியது. அதாவது நூற்றுக்கு 7.6 பேர். 1985-இல் வெளியான இந்த எண்ணிக்கை, ஒரே மக்களிடம் திரும்பத் திரும்பச் சென்ற ஊழியர்கள் இல்லையெனில் கிடைத்திராது.

பாக்கைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்தது பாவ்நகர் மாவட்டமாகும். அங்கு 'மாவா' என்றொரு கலவை இளைஞரிடையே பரவியிருந்தது. மெல்லியதாகச் சீவிய பாக்குடன் சிறிது புகையிலையும் சுண்ணாம்புநீரும் சேர்த்துக் கண்ணாடித்தாளில் வைத்துக் கசக்கி உருவாக்கப்படுவது அது. சென்னை நகரிலும் இப்பெயர் அறியப்படாததன்று. கலவையின் பெரும்பகுதி பாக்கே, புகையிலை சிறிதளவு. நோயுற்ற 60 பேரையும் வயது முதலியவற்றில் அவர்களை ஒத்த நோயற்ற 60 பேரையும் ஒப்பிட்டு 1990-இல் வெளியான ஆய்வில், பாக்குப் பழக்கமுள்ளோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரினும் நூறு மடங்கை ஒட்டியதாகக் கணக்கிடப்பட்டது. நோய்க்காரண ஆராய்ச்சியில் இத்தனை பெரிய விகிதம் காண்பது அபூர்வம். அதே மாவட்டத்தைப் பற்றி 1998-இல் வெளியான மற்றோர் ஆய்வு, புகையிலையோ பாக்கோ பயன்படுத்திய 5,018 ஆண்களைப் பரிசோதித்து 164 பேரிடம் நோயைக் கண்டது. நால்வர் தவிர மற்ற அனைவரும் பாக்கு மென்றவர்கள். நோயுற்றோரில் நூற்றுக்கு 85 பேர் அளவில் 35 வயதுக்குட்பட்டவர்கள் என்பதே அவ்வறிக்கையின் மிகக் கவலைக்குரிய செய்தி. முன்னர் நடுத்தர வயதினரின் நோயாகக் கருதப்பட்டது இளைஞரின் நோயாகிவிட்டது.

புகையிலையை மட்டும் பயன்படுத்துவோரிடம் இந்நோய் ஏறத்தாழக் காணப்படுவதேயில்லை. புகையிலை சேராத பாக்கை மெல்லுவோரிடமோ காணப்படுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985-இல் புகையிலை கலந்த தாம்பூலத்தை மட்டுமே புற்றுநோய் விளைவிப்பதென உறுதிசெய்தது. புகையிலையற்ற தாம்பூலம் பற்றிச் சான்று போதவில்லை என்றது. 2003-இல் கூடிய நிபுணர் குழுவோ, பாக்கு தனித்தே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று முடிவு செய்து அதனை முதல் பிரிவில் சேர்த்தது. 'புகையிலை இல்லாதது' என்ற சொல்லைக் கேட்டு மனநிறைவு கொள்வோர்க்கு இச்செய்தி இன்னும் சென்று சேரவில்லை.

பாக்கு சவ்வின் அடியில் என்ன செய்கிறது? மென்சவ்வுக்குக் கீழே கொல்லாஜன் என்னும் புரத நார்களாலான படலம் ஒன்றுண்டு. நாராக்க உயிரணுக்கள் இந்நார்களைப் புதிதாகச் செய்துகொண்டேயிருக்கின்றன. கொல்லாஜனேஸ் என்னும் என்சைம் பழைய நார்களைச் சிதைத்துக்கொண்டே வருகிறது. வரவும் செலவும் ஒத்திருக்கும் வரையில் படலம் மெத்தென்று நெகிழ்ந்திருக்கும். பாக்கில் அரிக்கோலின் முதலிய காரப்போலிப் பொருள்கள் உள்ளன. சுண்ணாம்பு சேரும்போது அரிக்கோலினின் ஒரு பகுதி அரிக்கைடினாக மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நாராக்க உயிரணுக்களின்மீது இப்பொருள்கள் பட்டபோது அவை கூடுதலாகக் கொல்லாஜனை உண்டாக்கியதை 1980-களில் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். ஆகவே வரவு மிகுகிறது.

செலவு குறைவதற்கு வேறொரு பொருள் காரணம். பாக்கின் துவர்ப்புக்கு மூலமான டானின், கொல்லாஜன் நார்களோடு பிணைந்து, என்சைம் அவற்றைச் சிதைக்கவொட்டாமல் தடுக்கிறது. தோல் பதனிடும் தொழிலைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்த தோல் அழுகாமல் கெட்டிப்படுவது அதிலுள்ள டானின் தோலின் கொல்லாஜனைப் பிணைத்துவிடுவதால்தான். தொட்டியில் தோலுக்கு நேர்வதை ஒத்த ஒன்று நாள்தோறும் பாக்கு மெல்லுவோரின் கன்னத்தில் உயிருடன் நடைபெறுகிறது எனலாம். இவற்றோடு தாமிரமும் சேர்கிறது. மற்றக் கொட்டை வகைகளைவிடப் பாக்கில் தாமிரம் அதிகம். கொல்லாஜன் நார்களைக் குறுக்கே கோத்து இறுக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற என்சைம் வேலை செய்யத் தாமிரம் தேவை. இந்நோயுற்ற திசுவில் அவ்வென்சைம் மிகுதியாக இயங்குவதும் காணப்பட்டுள்ளது. கரடுமுரடான பாக்குத்துகள் உராய்வதால் சவ்வில் உண்டாகும் நுண்ணிய காயங்கள் இப்பொருள்கள் உட்புக வழி திறக்கின்றன.

நார் மிகுந்து இறுகும்போது அதனூடே செல்லும் இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. மேற்சவ்வு போதிய ஊட்டமின்றி மெலிகிறது. மெலிந்த சவ்வு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களைத் தாங்கி நிற்கும் ஆற்றலை இழக்கிறது.

வெற்றிலையில் மடித்து மெல்லும் பழைய முறைக்கும் பொட்டலங்களில் விற்கப்படும் உலர்ந்த பான் மசாலா, குட்கா ஆகியவற்றுக்கும் வேறுபாடு உண்டு. பொட்டலப் பொருளில் வெற்றிலை இல்லை. எடைக்கு எடை பாக்கின் பங்கு அதிகம். எந்நேரமும் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாயிலிட்டுக்கொள்ளலாம். ஹைதராபாத்தில் நடத்தி 1996-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தாம்பூலம் மென்றவர்களுக்கு நோய் தோன்றச் சராசரியாக எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க, பொட்டலப் பொருள்களைப் பயன்படுத்தியவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே தோன்றியிருந்தது. பத்தாம் வகுப்பில் பழக்கத்தைத் தொடங்கும் மாணவன் கல்லூரியை விட்டு வெளியேறுமுன்பே வாயைத் திறக்க இயலாதவனாகலாம் என்பது இதன் பொருள். உணவுப் பொருளில் புகையிலையும் நிகோட்டினும் சேரலாகாதென மத்திய அரசு 2011-இல் விதி செய்தது. அதனைக் கொண்டு 2012-இல் மத்தியப் பிரதேசம் முதலாகப் பல மாநிலங்கள் குட்காவைத் தடைசெய்தன. நல்ல செயலே. ஆனால் அவ்விதி புகையிலையைக் குறித்ததேயன்றிப் பாக்கைக் குறித்ததன்று. சவ்வடி நார்ப்பெருக்கத்தைப் பொறுத்தவரை பொட்டலத்திலிருந்து புகையிலையை அகற்றுவதால் மட்டும் ஆவது சிறிதே.

சிகிச்சையின் வரலாறு அவ்வளவு ஊக்கமளிப்பதன்று. 1957-லேயே கார்ட்டிசோன் ஊசி போட்டுப் பார்க்கப்பட்டது. பின்னர் ஹைட்ரோகார்ட்டிசோனும், திசுவை இளக்கும் ஹயலூரோனிடேஸ் என்சைமும், நஞ்சுக்கொடிச் சாறும் இறுகிய பட்டைகளில் ஊசிவழிச் செலுத்தப்பட்டன. 2000-க்குப் பின் தக்காளியின் செந்நிறப் பொருளான லைக்கோபீனும், இரத்தவோட்டத்தைச் சீராக்கும் பென்டாக்ஸிஃபிலினும் சோதிக்கப்பட்டன. எரிச்சல் தணிவதும் வாய்த்திறப்பு சில மில்லிமீட்டர் கூடுவதும் பலரிடம் காணப்பட்டன. எனினும், இச்சோதனைகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் நிறுவனத்தின் 2008-ஆம் ஆண்டு மதிப்பீடு, எந்தச் சிகிச்சைக்கும் நம்பத்தகுந்த சான்று போதிய அளவில் இல்லை என்றே கூறிற்று. முற்றிய நிலையில் நார்ப்பட்டைகளைக் கத்தியால் அறுத்து, அவ்விடத்தைக் கன்னக் கொழுப்பாலோ முகத்தோலின் ஒரு பகுதியாலோ மூடும் அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. அறுத்த இடமும் ஆறும்போது சுருங்குமாதலால், அதன்பின் மாதக்கணக்கில் வாயை விரிக்கும் பயிற்சி செய்தாக வேண்டும். தட்டையான மரச்சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களின் நடுவே வைத்து, நாளடைவில் ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்லுவதே எளிய பயிற்சி. வலி மிகுந்த இப்பயிற்சியைக் கைவிடுவோரும் மீண்டும் பாக்குக்குத் திரும்புவோரும் அறுவையின் பயனை இழந்துவிடுகின்றனர்.

ஒருமுறை உருவாகிவிட்ட நார்ப்பட்டை பாக்கை நிறுத்தியதனால் கரைந்துபோவதில்லை. ஆனால் தொடக்க நிலையில் நிறுத்தியவர்களிடம் எரிச்சல் தணிகிறது. இறுக்கம் மேலும் வளர்வது பெரும்பாலும் தடைப்படுகிறது. நிறுத்தியபின்னும் புற்றுநோய் அபாயம் முற்றிலும் நீங்கிவிடாது. அத்தகையோரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல் மருத்துவரிடம் வாயைக் காட்டிவருதல் அவசியம். பழக்கத்தை மக்கள் விடுவார்களா என்ற ஐயத்துக்கும் களத்திலேயே விடை கிடைத்தது. எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர் மாவட்டங்களில் 36,000 பேரிடம் நேரில் சென்று அறிவுரை கூறியும் திரைப்படம், வானொலி, செய்தித்தாள் வாயிலாக விளக்கியும் நடத்திய முயற்சியின் பயனாகப் பலர் புகையிலையை நிறுத்தினர் அல்லது குறைத்தனர். வாய் வெண்படலம் புதிதாகத் தோன்றுவது குறைந்ததாக 1986-இல் வெளியிடப்பட்டது. எர்ணாகுளத்தில் பாக்குப் பழக்கத்தின்மீது செலுத்திய அதே முயற்சி சவ்வடி நார்ப்பெருக்கம் புதிதாகத் தோன்றுவதையும் குறைத்தது என 1990-இல் அறிவிக்கப்பட்டது. எந்த ஊசிமருந்துக்கும் இவ்வளவு பெரிய அளவில் சான்று கிடைத்ததில்லை.

நோயைத் தொடக்கத்திலேயே அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சம்பந்தப்பட்டவர் தம் சொந்தக் கையின் ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக இருக்குமாறு மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தல் போதும். மூன்று விரலும் இடரின்றி நுழைந்தால் திறப்பு சரியெனக் கொள்ளலாம். இரண்டு மட்டுமே நுழையுமாயின் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். சொந்த விரல் என்பதைக் கவனிக்க; சிறுவனுடைய வாயை ஆசிரியரின் விரலால் அளத்தல் பிழையாகும். அளவுகோல் இருந்தால், முன்பற்களின் நுனிகளுக்கிடையே 35 மில்லிமீட்டருக்குக் குறைந்த திறப்பைக் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பது நன்று. வெளிச்சத்தில் பார்க்கும்போது கன்னத்தின் உட்புறமும் அண்ணமும் இயற்கையான செந்நிறம் இழந்து சலவைக்கல்போல் வெளுத்திருக்கும். விரலால் தடவினால் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படும். நாக்கை உதட்டுக்கு வெளியே நீட்ட இயலாமையும், விசிலடிக்கவோ விளக்கை ஊதி அணைக்கவோ கன்னம் இடங்கொடாமையும் உடன்காணும் அறிகுறிகள். ஆறாத புண்ணோ தடிப்போ அதே வாயில் இருந்தால், எடுத்த அளவு எதுவாயினும், தாமதமின்றி அனுப்புதல் வேண்டும்.

பரிசோதனையினும் கடினமானது கேள்வி கேட்பது. 'புகையிலைப் பழக்கம் உண்டா' என்று மட்டும் வினவினால், நாள் முழுதும் வாசனைப் பாக்கை வாயில் அடக்கியிருக்கும் பெண்ணும், பான் மசாலா மெல்லும் மாணவனும் மனச்சாட்சிக்கு மாறின்றி 'இல்லை' என்றே விடை கூறுவர். சீவல், களிப்பாக்கு, மாவா, பான் மசாலா என்று அவ்வவ்விடத்து வழங்கும் பெயரைச் சொல்லியே கேட்கவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை ஆண்டுகளாக, வாயில் எவ்வளவு நேரம் என்பவற்றையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். சுகாதாரப் பதிவேட்டில் புகையிலைக்கென ஒரு பத்தி மட்டும் இருக்குமாயின், அதன் பக்கத்தில் பாக்குக்கென்று இன்னொரு பத்தியை ஊழியரே கோடிட்டு வரைந்துகொள்ளலாம்.